கொடுத்து வைத்த தூதுவளை!

இலையுதிர் காலம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? சினிமா டூயட்தானே! ஏதோ ஒரு வெளிநாட்டில் மஞ்சளும் சிவப்புமாக இலைகள் கொட்டிக் கிடக்கும். ஹீரோ கோட்டு, மப்ளர் சகிதம் கதகதப்பாக இருப்பார். ஹீரோயின் மட்டும் பாவம், மெல்லிசுப் புடவையில் நடுங்கிக்கொண்டே சிரிப்பார்.

நம்ம ஊரில் அந்த ஜோலியே கிடையாது. இங்கே வேப்ப மரம் இலையைக் கொட்டுவது மாசி, பங்குனியில். அங்கே இலை உதிர்கிற அக்டோபர், நவம்பரில் நமக்கு ஐப்பசி, கார்த்திகை. அடைமழை. காய்ந்த குச்சியைக் குத்தினால்கூடத் துளிர்க்கிற காலம். தமிழ்நாட்டில் வருஷம் முழுக்கப் பெய்யும் மழையில் ஏறக்குறைய பாதி இந்த வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. பழந்தமிழர்கள் வருஷத்தை ஆறு பருவமாகப் பிரித்தபோது ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் 'கூதிர்' என்று பெயர் வைத்தார்கள். ஆபீஸ் போகிற நமக்குக் கூதிர் என்றால் நனைந்த சாக்ஸ், மூக்கில் கர்ச்சீப், "ஸார், லேசா ஜுரம்..." என்று மானேஜருக்கு ஒரு போன்.

ஆனால் மூன்று வருஷத்துக்கு மேலாக இந்த இரண்டு மாதங்களைத்தான் நான் ஆவலோடு எதிர்பார்த்துக் கொண்டிருக்கிறேன். காரணம், மேற்கு மாம்பலத்தில் நான் குடியிருக்கும் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கும் பதினோரு தொட்டிகள்.

இத்தனைக்கும் நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்த ஒரே 'கிளை' பாங்க்கின் கிளைதான்!

ஈரத் துண்டில் வந்த சொத்து

2022-ல் அம்மா இறந்து போனாள். மாயவரம் பக்கத்துக் கிராமத்தில் அப்பா தனியாக இருக்க வேண்டாம் என்று சென்னைக்கு அழைத்து வந்துவிட்டோம். ஆள் வந்தாரே தவிர மனசு வரவில்லை. காலையில் பேப்பர். அப்புறம் ஜன்னல். மறுபடி அதே பேப்பர். "சாப்பாடு எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டால், "நல்லா இருக்குடா" என்பார். தட்டில் பாதி அப்படியே இருக்கும்.

"மாமாவுக்கு என் சமையல் பிடிக்கலை போல" என்று என் மனைவி கண் கலங்கினாள். அவள் சமையலில் ஒரு குறையும் கிடையாது. (இதை அவளும் படிப்பாள்.)

அந்தப் புரட்டாசியில் ஊர் வீட்டைப் பூட்டி வரப் போனார் அப்பா. திரும்பி வந்தபோது கையில் ஒரு ஈரத் துண்டு மூட்டை. நிலப் பத்திரமா, அம்மாவின் நகையா என்று என் பி.காம். மூளை கணக்குப் போட்டது. பிரித்தால், கொல்லையில் அம்மா வளர்த்த செடிகளின் குச்சிகள்! நாலு கணு பிரண்டை, ஒரு கற்பூரவல்லிக் கிளை, முள்ளோடு தூதுவளைக் கொடி, பேப்பரில் மடித்த முடக்கத்தான் விதை.

"காஞ்சு போறதுக்குள்ள எங்கயாவது ஊனணும்டா" என்றார். அம்மா போன பிறகு அப்பா என்னிடம் வாய் விட்டுக் கேட்ட முதல் விஷயம் அதுதான்.

ஹவுஸ் ஓனரின் கவலை

உடனே மொட்டை மாடிக்குப் போனோம். பின்னாலேயே ஹவுஸ் ஓனரும் வந்துவிட்டார்.

"தம்பி, தொட்டி வெச்சா தண்ணி இறங்கும். தண்ணி இறங்கினா தளம் போகும். தளம் போனா..." என்று நிறுத்தினார். அடுத்து போகப்போவது நான்தான் என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. தோட்டத்து மண்ணை அப்படியே நிரப்பிய பெரிய தொட்டி மழையில் ஊறினால் இருபது, இருபத்தைந்து கிலோ சர்வ சாதாரணம். பத்து தொட்டி வைத்தால் மாடியில் மூன்று நாலு பேர் நிரந்தரமாகக் குடியிருக்கிற மாதிரி. அதற்கு வாடகையும் கிடையாது!

அப்பா பேசினார். தொட்டிகள் மாடியின் நடுவில் கிடையாது, கீழே சுவர் தாங்குகிற ஓரமாக மட்டும். ஒவ்வொன்றும் இரண்டு செங்கல்லின் மேல், அடியில் தண்ணீர் ஓடுவதற்கு வழி விட்டு. தொட்டிக்குக் கீழே தட்டு வைக்கக் கூடாது, ஏனென்றால் அதில் தேங்கும் தண்ணீரில் டெங்கு கொசு ஒரு வாரம் பத்து நாளில் வளர்ந்து ஆளாகிவிடும். கடைசியாக, பறிப்பதில் வீட்டுக்காரருக்கும் பங்கு உண்டு.

"அதெல்லாம் வேணாம் பெரியவரே" என்றார் ஓனர்.

"கற்பூரவல்லி மட்டும் கொஞ்சம் இருந்தா நல்லது" என்று படிக்கட்டிலிருந்து வீட்டுக்காரம்மாவின் குரல் வந்தது. ஒப்பந்தம் கையெழுத்தானது.

மண் விஷயத்திலும் எடை குறைய ஒரு வழி உண்டு. செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க் கழிவு ஒரு பங்கு. நார்க் கழிவு செங்கல் மாதிரி கட்டியாகக் கிடைக்கும். தண்ணீரில் போட்டால் நம்ம ஊர் அரசியல் பேச்சு மாதிரி பல மடங்கு ஊதும். அதில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்துவிட்டுத்தான் கலக்க வேண்டும்.

பிரம்மச்சாரிகள் கவனிக்க

மேன்ஷனில் இருக்கிறேன், எனக்கு ஏது மாடி என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஜன்னல் ஓரம் ஒரு சாண் வெயில் வந்தால் போதும்.

முதலில் வெந்தயம். அஞ்சறைப் பெட்டியில் இருக்கிற அதே வெந்தயம்தான். ராத்திரி ஊற வைத்துக் காலையில் தூவினால் மூன்றாம் நாள் தலை நீட்டும். மூன்று நாலு வாரத்தில் பருப்போடு வேக வைக்க ஒரு பிடி கீரை ரெடி. ஆரம்பக்காரர்களுக்கு இதைப் போல் தைரியம் கொடுக்கிற செடி கிடையாது.

அடுத்து புதினா. கடையில் வாங்கின கட்டில் இலையைக் கிள்ளிவிட்டுத் தண்டைக் குப்பையில் போடுகிறோம் இல்லையா? அதில் நல்லதாக நாலைந்தை ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். ஒரு வாரத்தில் வெள்ளையாக வேர் விடும். எடுத்து நட வேண்டியதுதான்.

கொத்தமல்லிதான் கொஞ்சம் பிகு பண்ணும். தனியாவை முழுசாகப் போட்டுவிட்டு, "வரவே இல்லை ஸார்" என்று புலம்புகிறவர்கள் அநேகம். உருண்டையை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட வேண்டும். பத்து நாள் பொறுமை தேவை. சித்திரை வெயிலில் போட்டால் இலை விடுவதற்குள் பூ விட்டுவிடும். ஐப்பசிக் குளிர்ச்சிதான் அதற்குப் பிடிக்கும். ஆனால் கொட்டுகிற மழை நேராக விழுந்தால் படுத்துவிடும். தாழ்வாரத்துக்கு அடியில் வையுங்கள்.

மழைக்காலத்தில் பெரிய சௌகரியம், தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம். ஆனால் தொட்டியின் அடி ஓட்டை அடைத்திருக்கிறதா என்று வாரம் ஒரு தடவை குச்சியால் குத்திப் பார்க்க வேண்டும். விடாத மழை உரத்தையும் கரைத்துக்கொண்டு போய்விடும். பதினைந்து நாளைக்கு ஒரு பிடி மண்புழு உரம் போட்டால் செடி முகம் தெளியும்.

கறிவேப்பிலைக் கன்றில் ஒரு நாள் காக்காய் எச்சம் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. துடைக்கப் போனால் நகர்ந்தது! புழு. பறவை ஏமாறட்டும் என்று சின்ன வயசில் அப்படி வேஷம் போடுமாம், பெரிசானால் பச்சையாக மாறிவிடும். மருந்து அடிக்கலாமா என்று கேட்டேன். "விடுடா, பட்டாம்பூச்சி ஆகப்போறது. அதுவும் டிபன் சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்றார் அப்பா. சாப்பிட்டது. இருந்த பதினாறு ஈர்க்கில் ஒன்பது.

லாப நஷ்டக் கணக்கு

முதல் வருஷம் பைகள், நார்க் கழிவு, உரம், விதை, பூவாளி என்று மொத்தச் செலவு 1,850 ரூபாய். வரவு: கீரை, புதினா, கொத்தமல்லி எல்லாம் சேர்த்து, தாராளமாக மதிப்புப் போட்டால் 240 ரூபாய். காய்கறிக்காரர் கொசுறாகக் கொடுக்கிற கொத்தமல்லிக்கு நான் கொடுத்த விலையைப் பார்த்தால் எந்த ஆடிட்டரும் அழுதுவிடுவார். இப்போதெல்லாம் போனில் தட்டினால் பத்து நிமிஷத்தில் வாசலில் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கணக்குப்படி இது நஷ்டத்தில் ஓடும் கம்பெனி.

ஆனால் அந்தக் கார்த்திகையில் நடந்த ஒரு விஷயத்தை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

தூதுவளை மெள்ளப் படர்ந்து முதல் தடவையாக ஒரு கைப்பிடி இலை பறிக்கிற அளவுக்கு வந்திருந்தது. வெளியே இடைவிடாத மழை. வீட்டில் எல்லோருக்கும் ஜலதோஷம். மனைவி ரசம் வைக்கத் தக்காளியை நறுக்கினாள். அப்பா ஜன்னலை விட்டு எழுந்து சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"தக்காளி போடாதேம்மா. அவ போட மாட்டா."

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார். இலையின் அடியில் நடு நரம்பில் முள் இருக்கும், கத்தரிக்கோலால் எடுத்துவிட வேண்டும். நெய்யில் இலை சுருங்கும்வரை வதக்கி, மிளகு, சீரகம், நாலு பல் பூண்டோடு அம்மியில் கொரகொரப்பாகத் தட்ட வேண்டும். (அம்மி இல்லாததால் மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று.) புளித் தண்ணீர் பச்சை வாசனை போகக் கொதித்ததும் அரைத்ததைப் போட்டு, பருப்புத் தண்ணீர் விட்டு விளாவ வேண்டும். நுரை கட்டினதும் இறக்கிவிட வேண்டும். பொங்கவிட்டால் போச்சு. கடுகு, மிளகாய் வற்றல் தாளிப்பு.

சாதத்தில் பிசைந்து சாப்பிட்டார். டம்ளரில் ஊற்றிக் குடித்தார். "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்றார். தட்டு காலியாக இருந்தது.

என் மனைவி அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். வெங்காயம் எதுவும் நறுக்கவில்லை.

சட்டியில் என்ன?

அதற்குப் பிறகு சமையல்கட்டில் அப்பாதான் டைரக்டர். ஞாயிற்றுக்கிழமை மழை என்றால் கற்பூரவல்லி பஜ்ஜி. ஒரு கப் கடலை மாவுக்கு இரண்டு ஸ்பூன் அரிசி மாவு, மிளகாய்த் தூள், உப்பு, பெருங்காயம். கெட்டியாகக் கரைத்து இலையைக் காம்போடு முக்கிப் போட வேண்டியதுதான். ஓமம் போடத் தேவையில்லை. ஓமத்துக்கு வாசனை கொடுக்கும் தைமால் என்கிற சரக்கு இந்த இலையிலேயே இருக்கிறது. ஓமவல்லி என்ற பெயர் சும்மா வரவில்லை.

தீபாவளி பட்சணத்தைக் கண்டபடி தின்றுவிட்டு வயிறு மந்தமாக இருந்தால் பிரண்டைத் துவையல். நுனியில் இருக்கும் இளசை மட்டும் எடுத்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நார் உரிக்க வேண்டும். அதில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கையும் அரிக்கும், சரியாக வதக்காவிட்டால் தொண்டையும் அரிக்கும். நல்லெண்ணெயில் நிறம் மாறும்வரை நிதானமாக வதக்கி, வறுத்த உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், தேங்காய், தாராளமாகப் புளி சேர்த்து அரையுங்கள். அவசரப்பட்டு இறக்கினால் மறுநாள் மீட்டிங்கில் உங்களால் பேச முடியாது. மானேஜர் சந்தோஷப்படுவார்.

முடக்கத்தான் இலையை அரைத்துத் தோசை மாவில் கலந்தால் பச்சை தோசை. லேசான கசப்பு, கல்லில் வெந்ததும் தெரியாது. இதன் காய் குட்டி பலூன் மாதிரி இருக்கும். உடைத்தால் உள்ளே கருப்பு விதை, ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஹார்ட்டின் படம். காதலிக்குப் பரிசு வாங்கக் காசில்லாத இளைஞர்களுக்கு இயற்கை செய்திருக்கும் ஏற்பாடு!

மிக்ஜாம் வந்தது

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, 2023 டிசம்பர் முதல் வாரம்வரை. மிக்ஜாம் புயல் வருகிறது என்றதும், காற்றில் தொட்டிகள் உருண்டுவிடக் கூடாதே என்று எல்லாவற்றையும் மாடியின் ஒரு மூலையில் ஒன்றோடு ஒன்று நெருக்கி வைத்தேன். பெரிய புத்திசாலி என்ற நினைப்பு. மழைத் தண்ணீர் வெளியே போகும் குழாய் அந்த மூலையில்தான் இருக்கிறது என்பதை யோசிக்கவில்லை. உதிர்ந்த இலையும் நார்க் கழிவுமாகக் குழாயை அடைத்துக்கொண்டது. 3, 4 தேதிகளில் கொட்டின மழையில் மொட்டை மாடி தெப்பக்குளம் ஆகிவிட்டது. கரண்ட் இல்லை, தெருவில் முழங்கால் தண்ணீர். மேலே போய்ப் பார்க்கவே இரண்டு நாள் ஆயிற்று.

என் படுக்கையறைக் கூரையில் இலங்கை வரைபடம் மாதிரி ஓர் ஈரக் கறை. அதைவிடப் பெரிய அடி, தூதுவளை. வேர் தண்ணீரிலேயே நின்று அழுகியிருந்தது. ஒரு வாரத்தில் இலை மஞ்சளாகி, தண்டு கறுத்து, கையில் பிடித்தால் கழன்று வந்தது. கற்பூரவல்லியும் போயிற்று. அது எந்தத் தெருவில் கேட்டாலும் கிடைக்கும். தூதுவளை அப்படி இல்லை.

"கவலைப்படாதீங்கப்பா, ஊர்லேருந்து இன்னொரு குச்சி கொண்டு வந்துடலாம்" என்றேன்.

"கொல்லைல எல்லாத்தையும் வெட்டிட்டு ஷெட் போட்டுட்டாங்கடா" என்றார். அந்த வருஷம் ஊர் வீட்டை வாடகைக்கு விட்டிருந்தோம். பைக் நிறுத்த இடம் வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது, போனில் 'சரி, செஞ்சுக்குங்க' என்று சொன்னதே நான்தான்.

அப்பா மறுபடி ஜன்னலுக்குப் போய்விட்டார். நர்சரியிலிருந்து ஒரு தூதுவளைக் கன்று வாங்கி வந்து கொடுத்தேன். "நல்லா இருக்குடா" என்றார். தட்டில் பாதி இருந்தது.

படியேறி வந்த பெயின்ட் டப்பா

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹவுஸ் ஓனர் படியேறி வந்தார். கூரைக் கறையைப் பார்க்கத்தான் வருகிறார், வீட்டைக் காலி பண்ணச் சொல்லப்போகிறார் என்று என் வயிற்றில் புளி கரைந்தது. பின்னால் வீட்டுக்காரம்மா. அவர் கையில் ஒரு பழைய பெயின்ட் டப்பா. டப்பாவில் ஒரு குச்சி நட்டு, அதில் முள்ளும் மூன்று விரல் இலையுமாகக் கொடி சுற்றியிருந்தது. ஊதாப் பூ இரண்டு, சிவப்புப் பழம் ஒன்று.

"போன வருஷம் நீங்க கவாத்து பண்ணிக் கொடுத்தீங்களே ஐயா, அந்தக் குச்சிதான். ரசம் வைக்கத்தான் வாங்கினேன். ரெண்டு இலை கிள்ளிட்டு, தண்டை வீணாக்குவானேன்னு ஜன்னல்ல ஊனி வெச்சேன். உங்களுது போயிடுச்சுன்னு தம்பி சொன்னாரு. எடுத்துக்குங்க."

அப்பா டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இதை நீங்களே வெச்சுக்குங்கம்மா. எனக்கு ரெண்டு குச்சி வெட்டிக் கொடுங்க, போதும்" என்றார்.

அதிர்ஷ்டசாலியைக் 'கொடுத்து வைத்தவன்' என்று ஏன் சொல்கிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. பூட்டி வைத்த கொல்லையில் இருந்தது போயிற்று. நான் பொத்திப் பொத்தி மூலையில் வைத்ததும் போயிற்று. கொடுத்தது மட்டும் மிச்சம். காமர்ஸ் பாஷையில் சொன்னால், முதல் வருஷம் நான் 'செலவு' என்று எழுதி அடித்த ஒரு குச்சிதான் அடுத்த வருஷம் டெபாசிட்டாகத் திரும்பி வந்தது, வட்டியாக ஒரு பழத்தோடு!

இப்போது எங்கள் வீட்டில் ஒரு சட்டம். எதைக் கவாத்து செய்தாலும் மூன்று குச்சி வெளியே போக வேண்டும். டிபன் பாக்ஸோடு ஈரப் பேப்பரில் சுற்றிய குச்சிகளையும் ஆபீஸுக்கு எடுத்துப் போகிறேன். அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் இரண்டு பேர், மேன்ஷனில் இருக்கும் ஒரு பையன், எங்கள் வாட்ச்மேன் ஆகியோரிடம் அம்மாவின் தூதுவளை இருக்கிறது. யாரிடம் எது இருக்கிறது என்று அப்பா ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். தேதி, பெயர், செடி. என் கணக்கு நோட்டைவிட அது சுத்தமாக இருக்கிறது.

ஆகவே, இந்த ஐப்பசியில் முதல் மழை பெய்ததும் உங்கள் அம்மாவுக்கோ பாட்டிக்கோ ஒரு போன் போடுங்கள். கொல்லையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒரு ஈரத் துண்டு எடுத்துப் போங்கள். கொண்டு வந்ததை நட்டு, துளிர்த்ததும் முதல் குச்சியை வெட்டி யாருக்காவது கொடுத்துவிடுங்கள். முடிந்தால், முதலில் ஹவுஸ் ஓனருக்கு.

எங்கள் ஹவுஸ் ஓனரைப் பற்றிச் சொல்லாமல் விட்டேனே! அன்றைக்குப் போகும்போது என் படுக்கையறைக் கூரையை நிமிர்ந்து பார்த்தார். "ரிப்பேர் செலவு பாதிப் பாதி தம்பி" என்றார். படியிறங்கினவர் நின்று திரும்பி, "ரசம் வெச்சா ஒரு கிண்ணம் கீழே அனுப்புங்க" என்றார்.